ராஜாங்கம் சொல்லாத ஒரு வரி

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து கலைமகள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கலைமகள்? பேங்கு கேசுல மாட்டுச்சே, அந்தப் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள். அவள் எந்தப் பேங்கையும் ஏமாற்றவில்லை. அவள் மேல் கேசும் கிடையாது. நான் மாலா, அவளுடைய அக்கா. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அதனால் அவள் கதையை நான் சொல்வதுதான் நியாயம்.

எங்கள் அப்பா கன்னியப்பன் மில் தொழிலாளி. மில் படுத்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேன் ஆனார். அம்மா செல்வாம்பாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்கப் போனாள். நான் பத்தாவதோடு நின்று சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். நடுவில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, அந்த ஆளோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்டப்போவதில்லை. வீட்டில் படித்தவள் கலைமகள் மட்டும்தான். பெண்கள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தாள். 2006இல் மூலக்குளத்தில் ராஜாங்கம் என்பவருடைய ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராகச் சேர்ந்தாள்.

எங்கள் ஊரில் பேனர் இல்லாமல் ஒரு விசேஷமும் கிடையாது. காது குத்தினால் பேனர், பெண் வயசுக்கு வந்தால் பேனர், செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலிப் பேனர். அதில் கலைமகள் கில்லாடி. ஆயுசில் சட்டையே போடாத கிழவருக்குக் கோட்டு மாட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த படத்தில் கண்ணைத் திறந்துவிடுவாள். குடும்பத்தில் யார் முகம் பெரிசு, யார் முகம் சிறிசு என்று வெட்டுக்குத்து வரும். அதையும் அவள்தான் பேசித் தீர்ப்பாள். பாரீசில் இருக்கும் தாய்மாமன் சீர் செய்கிறார் என்றால் அவர் முகம் சின்னதாகிவிடக் கூடாது. ஒருமுறை பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டுக்கு மஞ்சள் நீராட்டுப் பேனர் போட்டாள். மாமன் தலை தன் தலையைவிடப் பெரிதாக இருக்கிறதென்று அந்தச் சின்னப் பெண் கடையிலேயே உட்கார்ந்து அழுததாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

அந்தப் பாரீஸ்காரர்களுக்காகத்தான் கடைக்கு வெப்சைட் வந்தது. அங்கே இருந்த ராஜாங்கத்தின் மைத்துனர், "நாங்க இங்கேருந்தே படத்த அனுப்பி ஆர்டர் குடுக்குற மாதிரி ஒண்ணு செய்ங்க" என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். கலைமகள் தானாகவே படித்து, இலவசமாகக் கிடைத்த சாஃப்ட்வேரை வைத்து ஒரு சைட்டைக் கட்டினாள். அதில் படம் வாங்கிக்கொள்வதற்கு மட்டும் தனியாக ஒரு துண்டு வேண்டியிருந்தது. அதற்குப் பிளக்-இன் என்று பேர். யாரோ முகம் தெரியாத ஆள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்திருந்தது. அதை எடுத்து மாட்டினாள். பாரீசில் இருப்பவர் தன் படத்தை அனுப்பினால் அது சைட்டில் இருக்கும் ஒரு பெட்டியில் வந்து விழும். இங்கே எடுத்து பேனரில் ஒட்ட வேண்டியதுதான்.

சைட்டுக்குப் பெயர் பதிவு செய்யும்போது உரிமையாளர் யார், விலாசம் என்ன, போன் நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறது. ராஜாங்கம் கையை விரித்துவிட்டார்.

"எனக்கு ஈமெயிலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. உன் பேர்லயே போட்டுடும்மா. நீதான பாக்கப்போற? நீ என் பொண்ணு மாதிரி."

இவளும் தன் பெயரைப் போட்டு, கருவடிக்குப்பத்து விலாசத்தைப் போட்டு, தன் செல் நம்பரைப் போட்டாள். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினோம். அப்பா பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆளுடைய கடைக்கு எங்கள் வீட்டு விலாசம் எதற்கென்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. அதன்பிறகுதான் அந்தப் பிறந்தநாள் பேனர் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு கட்சியில் வட்டத்துக்குப் பெரிய ஆளாம். அவருடைய ஆட்கள் வேறொரு இடத்தில் டிசைன் முடித்து, அச்சடிக்க மட்டும் சைட் வழியாக ராஜாங்கம் கடைக்கு அனுப்பினார்கள். பேனர் கடைகளில் டிசைன் செய்த கோப்பு படம் மாதிரி இருக்காது. கோப்பின் பேருக்குக் கடைசியில் ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்து இருக்குமாம். அதை எங்கள் வீட்டில் வால் என்றுதான் சொல்வோம், கலைமகளும் எங்களிடம் பேசும்போது வால் என்றே சொல்வாள். படத்துக்கு ஜேபிஜி என்று வால். டிசைனுக்கு சிடிஆர் என்று வால். போதாததற்கு ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. டிசைனோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பாவிட்டால் தலைவர் பெயர் கோணல் மாணலாகச் சின்னச் சின்னக் குறிகளாக வந்து நிற்கும். இவள் அந்தப் பிளக்-இன்னில் படத்தைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதே என்று வைத்திருந்தாள். கோப்பு உள்ளே போகவில்லை. பேனர் நேரத்துக்கு ஏறவில்லை. கட்சிக்காரர்கள் கடைக்கே வந்து ராஜாங்கத்தின் அம்மா அக்காவையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வந்து எங்களிடம் சொன்னாள். ராஜாங்கம் இவளிடம், "யார் எத அனுப்புனாலும் வாங்கிக்கிற மாதிரி வைம்மா. வேணாம்னு சொல்றதுக்கு நாம யாரு?" என்றாராம்.

"எல்லாத்தையும் தொறந்து வுட்டா எவனாவது புரோகிராம் எழுதி உள்ள போட்டுடுவான் சார். அது நம்ம சைட்டுல ஓடும்."

"மூலக்குளத்துல இருக்குற பேனர் கடைய எவன்மா தேடி வரப்போறான்? சொன்னத செய்."

இவள் எல்லாவற்றையும் திறக்கவில்லை. அதுதான் இவள் புத்தி. சிடிஆரையும் எழுத்துருவையும் மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்தாள், மற்றதையெல்லாம் பூட்டியே வைத்தாள். ராஜாங்கத்திடம் அதையும் சொன்னாள். "சரி சரி, சிடிஆர் வந்தா போதும், அதான் வேணும்" என்றார். பக்கத்தில் பிரிண்டிங் மெஷின் ஓட்டுகிற கொளஞ்சி நின்றுகொண்டிருந்தான். இது 2008 பொங்கல் முடிந்த சமயம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கலைமகளுக்கு நல்ல காலம் வந்துவிட்டதென்று நினைத்தோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். பரீட்சை எழுதி, நேரில் போய்ப் பேசி, இவளுக்கு ஆர்டரும் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் போலீசிலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொடுத்தால் சேர்ந்துவிடலாம். அம்மா அதே ஆஸ்பத்திரி கேன்டீனில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணு மாடியில ஏசி ரூம்ல ஒக்காரப்போவுது" என்று கேன்டீன் முழுக்கச் சொல்லிவைத்தாள்.

சான்றுக்கு எழுதிக் கொடுத்து நான்கைந்து நாள் இருக்கும். வாசலில் ஒரு போலீஸ் சிவப்புத் தொப்பி வந்து நின்றது. சான்று விஷயமாக வந்திருப்பார் என்று அம்மா காபி போட ஓடினாள். கான்ஸ்டபிள் காபியைத் தொடவில்லை. "கலைமகள் யாரு? ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார். எதிர்வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் பட்பட்டென்று திறந்தன. அன்றைக்குத் திறந்த வாய்தான் எங்கள் தெருவில் இன்னும் மூடவில்லை.

நடந்தது இதுதான். எந்த நாட்டுக்காரனோ ராஜாங்கத்தின் சைட்டுக்குள் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டான். அதை வைத்துக்கொண்டு, ஒரு வெளிநாட்டு பேங்கின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தை அந்த சைட்டுக்குள்ளேயே கட்டிவிட்டான். பிறகு ஊர் உலகத்துக்கெல்லாம் பேங்கு பேரில் ஈமெயில் அனுப்பி, வந்து உங்கள் பாஸ்வேர்டைப் போடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான். போட்டவர்கள் பணம் போய்விட்டது. அந்த பேங்கு புகார் கொடுத்து, அது சுற்றிச் சுற்றி புதுச்சேரிக்கு வந்து, சைட் யார் பேரில் இருக்கிறதென்று பார்த்தால் கன்னியப்பன் மகள் கலைமகள், கருவடிக்குப்பம்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவர் மடையராக இருந்திருந்தால் நான் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவருக்கு எல்லாம் புரிந்தது. விஷயம் இன்னதென்று கான்ஸ்டபிள் சொன்னதும் கலைமகள் கடைக்குப் போய், படம் விழும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அந்த வெளிநாட்டுக்காரன் போட்ட கோப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: போட்டோ, புள்ளி, பிஹெச்பி, புள்ளி, சிடிஆர்.

"ரெண்டு வால் சார். நம்ம பிளக்-இன் கடைசி வால மட்டும்தான் பாக்குது. சிடிஆர், சரின்னு உள்ள வுட்டுடுச்சு. ஆனா சைட்ட ஓட்டுற கம்ப்யூட்டருக்கு சிடிஆர்னா இன்னான்னே தெரியாது. அது பேனர் கடைக்குத்தான் தெரியும். தெரியாத வால வுட்டுட்டு அதுக்கு முன்னாடி இருக்குற வால பாக்குது. பிஹெச்பின்னா புரோகிராம், ஓட்டணும்னு அதுக்குத் தெரியும். ஓட்டிடுச்சு."

"புரியுது" என்றார் எஸ்.ஐ. "இந்த சிடிஆர சேத்தது யாரு?"

"நான்தான் சார்."

"யார் சேக்கச் சொன்னது?"

"ஓனர் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அத அவர் வந்து ஒரு வரி சொன்னா போதும்மா. கடை அவருது, சைட் அவருது, அவர்தான் சேக்கச் சொன்னாருன்னு. நான் எழுதிக்கிறேன். நீ வேலைக்காரப் பொண்ணு, சொன்னத செஞ்சன்னு ஆயிடும். சான்றும் குடுத்துடுவேன். அவர் சொல்லலன்னா, சைட் உன் பேர்ல இருக்குது, மாத்தனதும் நீ. அப்ப நான் இன்னா எழுதட்டும், நீயே சொல்லு."

அவ்வளவுதான். ஒரு ஆள் ஒரு வரி சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என் தங்கைக்கு ஆஸ்பத்திரி வேலை. எழுதிக்கொடுத்துத் தன் சொத்தைத் தாரை வார்க்கச் சொல்லவில்லை, ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை. உண்மையில் நடந்த ஒரு விஷயத்தை வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நேராக மூலக்குளம் போனோம். ராஜாங்கம் எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆளை அனுப்பி காபி வாங்கிவந்தார். கலைமகள் சொல்லச் சொல்ல உச்சுக்கொட்டினார்.

"அடப்பாவமே. நம்ம பொண்ணுக்கு இப்படியா வரணும்? நீ ஏம்மா கலங்குற? நான் வரேன். நாளைக்கே வந்து சொல்றேன். இது ஒரு விசயமா?"

திரும்பும்போது வில்லியனூர் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். கலைமகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நல்ல மனுசன்க்கா, இல்ல?" என்றாள். நானும் ஆமாமென்றேன். என் வாயில் அடிக்க.

மறுநாள் ராஜாங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் இரண்டு செல்போன். எஸ்.ஐ. கேட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

"சார், எனக்கு கம்ப்யூட்டர ஆன் பண்ணக்கூடத் தெரியாது. சைட்டெல்லாம் இந்தப் பொண்ணு செஞ்சதுதான். நல்ல கெட்டிக்காரப் பொண்ணு. பேரும் அது பேர்லதான் இருக்குது. அதுல எத வெச்சுச்சு, எத எடுத்துச்சுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரு பொய்யை நான்கு உண்மைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார்.

கலைமகள் எழுந்து நின்றாள். "சார், அந்தப் பொறந்தநாள் பேனர் அன்னைக்கு நீங்கதான சார் சொன்னீங்க? சிடிஆர் வந்தா போதும்னு சொன்னீங்களே சார்."

"நான் ஆயிரம் சொல்வேம்மா. சிடிஆர்னா இன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பத்து வருஷமாகப் பேனர் கடை வைத்திருப்பவருக்கு சிடிஆர் என்றால் தெரியாதாம். நான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. கான்ஸ்டபிள் என்னை வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தார். பிறகு கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலிங்க" என்றான். அவனும் அங்கே பிழைக்க வேண்டியவன்தான். அதற்காக அவனை நான் மன்னிக்கப்போவதில்லை.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. "சேத்தது நான்தான்னு நீ எதுக்கு ஒத்துக்கின? தெரியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"நான்தானப்பா சேத்தேன்" என்றாள். அவளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய?

கேஸ் போடவில்லை. "விசாரணையில் உள்ளது" என்று எழுதிவைத்துவிட்டார்கள். அப்படி எழுதியிருந்தால் சான்று கொடுக்க மாட்டார்கள். மாதக் கடைசி வந்தது, போனது. ஆஸ்பத்திரியில் அடுத்த பெயருக்கு ஆர்டர் போனது. அம்மா கேன்டீனுக்குப் போவதை நிறுத்தினாள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ராஜாங்கம் போன் போட்டு, "கொஞ்ச நாள் கடைக்கு வராதம்மா, ஊர் வாய் அடங்கட்டும்" என்று பாசமாகச் சொன்னார். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை அந்த ஆளிடம். கலைமகள் தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய ரேஷன் கார்டை நகல் எடுத்துவிட்டு வந்து, வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்வாள். பேச்சுக் கொடுத்தால், "சும்மா இரு அக்கா" என்பாள். அந்த ஜெராக்ஸ் கடையையும் அடுத்த வருஷம் சித்திரையில் மூடிவிட்டார்கள். அதே சமயத்தில் பள்ளிக்கூடத்தில் வயசாகிவிட்டதென்று அப்பாவையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் என் சோப்புக் கம்பெனிச் சம்பளம் ஒன்றுதான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஆப்பிள் பை. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மா சொல்லித் தொலைத்தாள்.

உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். நிஜமான அழுகை, துண்டு நனைந்தது. விஷயம் என்னவென்றால், இன்ஜினியரிங் முடித்த அவருடைய பையன் கலைவாணன், போலீஸ் வந்தபோது நின்றுபோன அந்த சைட்டை மறுபடி ஆரம்பித்திருக்கிறான். புதுப் பெயர், இந்த முறை கலைவாணன் பேரில் பதிவு. உள்ளே இருப்பதை எல்லாம் புதிதாகக் கட்டச் சோம்பல்பட்டுக்கொண்டு, பழைய சைட்டின் நகலை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டான்.

"படம் விழுற பெட்டியயும் சேத்தா போட்டான்?" என்று கலைமகள் கேட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"எல்லாத்தையும் போட்டுட்டாம்மா."

அப்படியானால் அந்த இரண்டு வால் கோப்பும் உள்ளேயே இருந்திருக்கிறது. பழைய ஆட்களோ புது ஆட்களோ, தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு பேங்கு, இன்னொரு போலிப் பக்கம், இன்னொரு புகார். நாளைக்குக் காலையில் கலைவாணன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அவனுக்குச் சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆடி பிறந்தால் சேர வேண்டும்.

"அந்த ரெண்டு வால் விசயத்த நீ வந்து சொன்னாதாம்மா எடுபடும். அவனுக்குச் சொல்லத் தெரியாது. உன் கால்ல வேணா வுழுறேன்."

"யோவ், எந்திரிச்சுப் போய்யா முதல்ல" என்றேன் நான். கலைமகள் என்னைப் பார்க்கவில்லை. "வரேன் சார்" என்றாள்.

அவர் தெருவைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன். "மண்டையில மூளை இருக்குதாடி உனக்கு? உன்னை நடுத்தெருவுல வுட்டவன்டி அவன். அவன் புள்ளைய காப்பாத்த நீ போவியா?"

"அந்தப் பையன் பண்ணலக்கா."

"நீ மட்டும் பண்ணியா?"

அவள் எழுந்து போய் மறுநாளைக்குச் சுடிதாரைத் தேய்த்து வைத்தாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதே ஸ்டேஷன், அதே எஸ்.ஐ. கலைவாணன் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். சின்னப் பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கலைமகள் நிதானமாகச் சொன்னாள். பழைய நகலில் கோப்பு எப்படி உள்ளேயே இருந்தது, அதை இவன் ஏன் கவனித்திருக்க முடியாது, எங்கே தேடிப் பார்த்தால் அது இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தனக்காகப் பேசியபோதுகூட அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. எஸ்.ஐ. கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு கலைவாணனைப் பார்த்து, "பழைய சங்கதி தெரிஞ்சும் இந்த சிடிஆர ஏம்பா எடுக்கல? வெச்சிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

பையன் வாயைத் திறப்பதற்குள் ராஜாங்கம் எழுந்துவிட்டார்.

"நான்தான் சார். கடை என்னுது, சைட் என்னுது. எங்க தொழிலுக்கு சிடிஆர் இல்லாம முடியாது. டிசைன் எல்லாம் அதுலதான் வரும். அத வாங்கிக்கிற மாதிரி வைன்னு நான்தான் சொன்னேன். பேருக்குத்தான் சார் பையன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மூச்சு விடாமல் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. எஸ்.ஐ. எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். கலைவாணனை, "போப்பா, சென்னைக்குப் போய் ஒழுங்கா வேலைய பாரு" என்று அனுப்பிவிட்டார். கூட இருந்த கான்ஸ்டபிள் வாங்கிவந்த டீ அப்போதுதான் மேஜைக்கு வந்தது.

கலைமகள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சார், இதே வரிய என் ஃபைல்லயும் எழுதுவீங்களா?"

எஸ்.ஐ. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அன்னைக்கு இவர் இத சொல்லலியேம்மா."

"இன்னைக்கு சொல்றாரே சார். அதே கடை, அதே சிடிஆர்."

அவர் ராஜாங்கத்தைப் பார்த்து, "இன்னாங்க, அந்தப் பொண்ணோடதுலயும் சேத்து எழுதிடலாமா? இன்னும் அது முடியாமத்தான் கெடக்குது" என்றார்.

ராஜாங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணாம் சார். அது பழைய விசயம். இப்ப அத கிளறுனா அன்னைக்கு ஏன் சொல்லலன்னு வரும், அப்புறம் பையன் மேட்டரும் சிக்கலாயிடும். இது இதோட இருக்கட்டும் சார்."

எஸ்.ஐ. ஃபைலை மூடினார். "அவர் சொல்லாம நான் எழுத முடியாதும்மா" என்றார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அந்த வருத்தத்தை வைத்து நாங்கள் என்ன செய்ய?

வெளியே வந்தோம். ராஜாங்கம் பின்னாலேயே ஓடிவந்தார். என் பக்கம் திரும்பாமல் அவளிடம் மட்டும் பேசினார்.

"மனசுல வெச்சிக்காதம்மா. எனக்குத் தெரியாதா உன்ன பத்தி? கடவுளுக்குத் தெரியும், நீ ஒரு தப்பும் பண்ணல. பையன் வேற சென்னைக்குப் போறான். சைட்டு பாக்க ஆள் இல்ல. அடுத்த திங்கக்கிழமைலேருந்து கடைக்கு வந்துடு, பழையபடி."

"தூ" என்று அவர் செருப்புக்கு முன்னால் துப்பினேன். நடுரோட்டில், நாலு பேர் பார்க்கத்தான் துப்பினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். கலைமகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"அந்த நாய் கடைக்கு நீ போனன்னா, நான் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றேன். அவள் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். வேண்டாமென்று ஒருத்தரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு வேறு எங்கே கேட்டாலும் போலீஸ் சான்று வேண்டுமென்றார்கள். சான்று கேட்காமல் அவளை அந்த வேலைக்கு வைக்க இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் கலைமகள் குளித்து, தலை வாரி, பழைய பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். நான் அடுப்படியில் நின்று வாய் ஓயும்வரை திட்டினேன். ராஜாங்கத்தைத் திட்டினேன், கொளஞ்சியைத் திட்டினேன், அந்த முகம் தெரியாத வெளிநாட்டுக்காரனைத் திட்டினேன், கடைசியில் அவளையும் திட்டினேன். திட்டிக்கொண்டே அவளுக்கு எலுமிச்சம்பழச் சோறு கிளறி டப்பாவில் போட்டேன்.

"போயிட்டு வரேன்க்கா" என்றாள்.

மூலக்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, டப்பாவை அவள் கையில் திணித்து நான்தான் விரட்டினேன்.